காந்தப் பரிவும் மனிதப் பரிவும்

களனி கங்கை மலைநாட்டை விட்டுச் சமவெளியை நோக்கி இறங்கிவரும் வழியில் கரவனெல்ல என்னும் சிற்றூர் இருக்கிறது. அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் பெருந்தெரு அவ்வூரின் வழியே போகிறது. கேகாலையிலிருந்து வரும் தெரு அங்கே அதனோடு வந்து சேர்கிறது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலப் பக்கத்து மலைகளில் தேயிலை. இத்தோட்டங்களில் உழைக்கும் மக்களும் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் மக்களும் நோய் வந்தால் நாடிச் செல்லும் ஆதார வைத்தியசாலை ஒன்று கரவனெல்லவில் உண்டு.

அந்த வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு பெண் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். இருபது ஆண்டுகள் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்தவள். நிறைந்த கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கிக்கொண்டு நிறுவைக்கு நடந்தவள். இடுப்பில் தொடங்கும் வலி காலுக்கு இறங்குகிறது என்கிறாள். நிமிர முடியாத காலைகளில் பிரட்டுக்களத்துக்குப் போகவில்லை. போகாத நாளுக்குப் பேர் இல்லை. பாதி நாளில் திரும்பிய நாட்களில் அரைப்பேர். “வேலைக்குக் கள்ளம்” என்று ஒருவர் சொன்னார். “வயதாகிறதல்லவா” என்று இன்னொருவர் சொன்னார். அவள் வீட்டாருங்கூட ஒரு கட்டத்தில் அப்படித்தான் எண்ணத் தொடங்கினர். இப்பெண் தனியொருத்தி அல்லள். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கும் அங்கே கற்பித்த ஆசிரியர்களுக்கும் இவளை நன்றாகத் தெரியும்.

வைத்தியர் அவளுடைய முதுகைக் காந்தப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் முள்ளந்தண்டின் வட்டத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தால், நேற்றுவரை ‘கள்ளம்’ எனப்பட்டது இன்று ‘நோய்’ ஆகிவிடும். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால்? வலி பொய்யாகிவிடுமா? அவள் வாயால் சொன்னபோது கிடைக்காத நம்பிக்கை ஓர் இயந்திரத்தின் சாட்சியத்தால் மட்டும் கிடைக்குமென்றால், மனிதரின் சொல்லுக்கு நம் சமுதாயம் இட்டிருக்கும் விலைதான் என்ன? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள். ஒவ்வோர் ஐதரசன் அணுவின் கருவும் ஒரு தனிப் புரோத்தன். அந்தப் புரோத்தன் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம்போல் நடந்துகொள்கிறது. சாதாரண நிலையில் இக்காந்தங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்கியிருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. வைத்தியசாலைகளில் பெரிதும் வழங்கும் இயந்திரத்தின் காந்தப்புலம் 1.5 தெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் அதிகம். அத்தகைய புலத்துக்குள் மனிதன் படுத்ததும் புரோத்தன்கள் அப்புலத்தின் திசையைச் சார்ந்து ஒழுங்குபடுகின்றன. எல்லாம் ஒரே பக்கம் திரும்புவதில்லை. புலத்தோடு ஒத்து நிற்பவற்றுக்கும் எதிர்த்து நிற்பவற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்துதான். ஆனால் ஒரு துளித் தண்ணீரிலும் புரோத்தன்கள் எண்ணிலடங்காதவை ஆகையால் அந்த ஐந்தின் குரலே கேட்கத் தக்கதாகிறது.

சுற்றும் பம்பரம் தன் அச்சைச் சாய்த்துத் தலையாட்டிக்கொண்டே சுழல்வதை நாம் பார்த்திருக்கிறோம். காந்தப்புலத்தினுள் புரோத்தனும் அவ்வாறே தலையாட்டுகிறது. 1.5 தெஸ்லாவில் அது வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் தடவை. சரியாக இதே வேகத்தில் அதிரும் வானொலி அலையைச் செலுத்தினால் புரோத்தன்கள் அதன் சக்தியை ஏற்றுச் சாய்கின்றன. ஊஞ்சல் வந்து திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகிறதல்லவா? தாளம் தப்பித் தள்ளினால் ஊஞ்சல் அசைந்து கொடுப்பதில்லை. இவ்வாறு தாளம் ஒத்துப்போவதையே இலங்கைப் பாடநூல்கள் ‘பரிவு’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றன. வானொலி அலையை நிறுத்தியதும் புரோத்தன்கள் தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது தாமே ஒரு மெல்லிய அலையை வெளியிடுகின்றன. கொழுப்பிலுள்ள புரோத்தன் விரைவாகத் திரும்பும். மூளையைச் சூழ்ந்த நீரிலுள்ளது ஆறுதலாகத் திரும்பும். வீங்கிய திசுவிலுள்ளது வேறொரு விதமாகத் திரும்பும். இந்த வேற்றுமையே படத்தின் வெளிச்சமும் இருளுமாகிறது. காந்தப்புலத்தை இடத்துக்கிடம் சிறிது கூட்டியும் குறைத்தும் வைப்பதால் தலையாட்டத்தின் வேகமும் இடத்துக்கிடம் மாறும். வந்த அலையின் அதிர்வைக் கொண்டு அது உடலின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று கணினி கணக்கிடுகிறது.

1895-ஆம் ஆண்டில் ரொஞ்சன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று. எலும்புகளுக்கிடையிலுள்ள மெத்தையையும் அதனருகே செல்லும் நரம்பையும் அது காட்டவில்லை. காந்தப் படம் இவற்றைக் காட்டும். மூளை, முள்ளந்தண்டு வடம், மூட்டுகளின் தசைநார்கள், ஈரல், இதயம் ஆகியவற்றையெல்லாம் கத்தி வைக்காமலும் எக்ஸ் கதிரைப்போல் அணுக்களைச் சிதைக்கும் கதிரைச் செலுத்தாமலும் காட்டும். உடலுக்குள் இரும்புத் துண்டோ சிலவகை இதயக் கருவிகளோ உள்ளவர்களுக்கு அக்காந்தம் ஆபத்தானது; மற்றவர்களுக்கு அதன் பெருஞ்சத்தமும் குழாயின் ஒடுக்கமுமே தொல்லை.

இந்த அறிவு ஒருவர் மூளையில் ஒரே நாளில் உதித்ததன்று. 1946-இல் புளொக், பேர்சல் என்னும் இருவரும் தனித்தனியே திரவத்திலும் திண்மத்திலும் அணுக்கருவின் காந்தப் பரிவைக் கண்டனர். 1951-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன் ஓடும் திரவங்களில் இப்பரிவை ஆராய்ந்து எழுதினார். 1971-இல் டமாடியன் எலிகளின் புற்றுக்கட்டிகள் நல்ல திசுவினின்றும் வேறுபட்ட விதத்தில் விடையளிப்பதைக் காட்டினார். 1973-இல் லோட்டர்பர், தண்ணீர் நிறைந்த இரண்டு சிறு குழாய்களைப் படமாக்கிக் காட்டினார். அக்கட்டுரையை விஞ்ஞானச் சஞ்சிகை முதலில் ஏற்க மறுத்தது. அதைக் கணிதத்தாலும் வேகத்தாலும் வளர்த்தெடுத்த மான்ஸ்பீல்ட், இலண்டனில் எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குப் போனவர். லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. அச்சகத்துச் சிறுவனின் மூளைக்குள் என்ன இருந்தது என்பதை எந்தத் துரையும் அவனுடைய 15-ஆவது வயதில் கண்டுபிடித்திருக்க முடியாது. நம் தோட்டப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம்.

நிற்க. நம் முன்னோர் அறிவு பெறும் வழிகளை அளவை என்றனர். அவற்றுள் தலையானவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்று. கண்ணால் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கோர் சொல்லைக் கொண்டு அறிவது உரை. உலகாயதர் காண்டல் ஒன்றையே ஏற்றனர் என்று சொல்வர். பொருள்முதல்வாதத்தில் நாட்டமுள்ள நம்மில் பலரும் உரையை ஐயத்தோடு பார்க்கிறோம். வேதத்தின் பெயராலும் சாத்திரத்தின் பெயராலும் எத்தனை பொய்கள் உரையாக வந்து நம்மை அடிமைப்படுத்தின என்பது நமக்குத் தெரியும். ஆகவே இயந்திரம் எடுத்த படத்தைக் கண்டதும் “இதோ காண்டல், இனி எவர் சொல்லும் வேண்டாம்” என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் காந்தப் படம் காண்டல்தானா? மேலே சொன்னதை மறுபடி எண்ணிப் பார்த்தால் அன்று என்பது விளங்கும். அங்கே எவரும் முதுகெலும்பைக் கண்ணால் காணவில்லை. வானொலி அலையால் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. தண்ணீர் ஒரு விடை சொன்னது. கணினி அவ்விடையிலிருந்து ஓர் உருவத்தை ஊகித்தது. கேள்வியை மாற்றினால் படம் மாறும். ஒருவகைப் படத்தில் கறுப்பாயிருக்கும் நீர் மற்றொரு வகைப் படத்தில் வெளுப்பாகும். ஆகவே இது காண்டலின் வேடம் பூண்ட கருதல். மிகச் சிறந்த கருதல், மனிதகுலத்தின் பெருமைக்குரிய கருதல் என்பதில் ஐயமில்லை, என்றாலும் கருதலே. கருதலில் புகை உண்மையாயிருந்தும் நெருப்பைப் பற்றிய முடிவு தவறாகலாம்.

தவறாகியும் இருக்கிறது. 1994-இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரின் இடுப்புப் பகுதியைக் காந்தப் படம் எடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மட்டுமே எல்லா வட்டத்தட்டுகளும் குறையற்றிருந்தன. நூற்றுக்கு 52 பேருக்கு ஒரு தட்டேனும் பருத்திருந்தது. நூற்றுக்கு 27 பேருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. இவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடியவர்கள். இதற்கு மறுபுறமும் உண்டு: வலியால் துடிக்கும் பலரின் படத்தில் குறிப்பாக எதுவும் தெரிவதில்லை. படத்தில் பழுதிருந்தால் வலி இருக்கும், பழுதில்லாவிட்டால் வலி இல்லை என்ற சமன்பாடு பொய். படம் உடலின் ஓர் உண்மையைச் சொல்கிறது. வலி மற்றோர் உண்மை. ஒன்றை மற்றொன்றின் நீதிபதியாக்க முடியாது.

வலியை அறிய நமக்கு உள்ள வழி கடைசியில் உரையே. வலிப்பவர் சொன்னாலன்றி அது பிறருக்கு எட்டாது. சொல்லத் தெரியாத குழந்தையின் முகமும் அழுகையுங்கூட ஒருவகை உரைதான். வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்குத் தான் தரும் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல் மதிக்கப்பட வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொண்டது. இத்தனை இயந்திரங்களுக்கும் பிறகு விஞ்ஞானம் வந்து சேர்ந்த இடம் இது.

அப்படியானால் உரை என்பதற்கு நம் தர்க்க நூலார் சேர்த்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: நம்பத்தக்கோர் சொல். நம்பத்தக்கோர் யார் என்று தீர்மானிப்பது தர்க்கம் மட்டுமன்று, அதிகாரமும் தீர்மானிக்கிறது. துரையின் தலைவலியை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. அவர் சொன்னால் போதும். கொழுந்து பறிப்பவளின் இடுப்புவலிக்கு மட்டும் அத்தாட்சி வேண்டும். சொல்லப்பட்ட வலி ஒன்றே. சொன்ன வாய்கள் வேறு. ஐயுறுதல் விஞ்ஞானத்தின் முதற்பண்பு என்பது உண்மை. ஆனால் ஒரு வர்க்கத்தின் சொல்லை மட்டும் ஐயுறுவது விஞ்ஞானமன்று.

தோட்ட மக்களின் சொல் எவ்வாறு விலையிழந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் முதலாக நெடுங்காலம் தோட்டத்து மருத்துவம், நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்குப் புறம்பாகத் தோட்ட நிர்வாகத்தின் கையிலே இருந்தது. நோயாளிக்கு ஓய்வு தேவையா என்று சொல்லவேண்டிய மருந்துச்சாலையும், அவள் வேலைக்கு வரவேண்டும் என்று விரும்பும் நிர்வாகமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கு என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பேச்சு என்றும் பொருள், தேர்தலில் இடும் ஓட்டு என்றும் பொருள். ஒன்றை இழந்தவர் மற்றொன்றையும் இழப்பார் என்பதற்கு அவர்களே சாட்சி. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது. சட்டத்தின் ஏட்டில் திரும்பி வந்த வாக்கு, மருந்துச்சாலை வாசலில் இன்னும் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

அதே கேகாலை மாவட்டத்தில் இதற்கு மாறான ஒரு வரலாறும் உண்டு. 1934, 1935 ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கிராமங்களுக்கு நடந்து சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, டாக்டர் மேரி இரத்தினம், என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் இருந்தனர். குடிசைதோறும் கேட்டறிந்தபோது, கொய்னாவை மட்டும் கொடுத்தால் போதாது, இம்மக்கள் முன்னமே பட்டினியால் குலைந்திருக்கிறார்கள் என்பது விளங்கிற்று. மருந்தோடு பருப்பும் கொடுத்தார்கள், என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயரே நிலைத்தது. கரவனெல்லவை அடுத்துள்ள ருவன்வெல்லத் தொகுதி மக்கள் 1936-இல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். அவ்விளைஞர்களிடம் உடலை ஊடுருவும் காந்தம் இல்லை. காது இருந்தது, நடந்துபோகும் கால் இருந்தது. பசி என்னும் நோயை எந்தக் காந்தமும் படம் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை ஒதுக்கிவிட முடியாது. “சொல்வதையெல்லாம் நம்பினால் பொய் சொல்பவரும் பயனடைவார் அல்லவா? வைத்தியரின் நேரமும் நாட்டின் பணமும் எல்லையற்றவையா?” பொய் சொல்பவர் இருக்கலாம், எல்லா வர்க்கத்திலும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு தவறுகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். பொய்யை நம்பினால் இழப்பது ஒரு நாள் கூலி. மெய்யை நம்பாவிட்டால் இழப்பது ஒரு மனிதரின் உடல். மேலும், நம்புவது என்றால் கேட்டவுடன் படம் எடுப்பது என்பதன்று. சாதாரண முதுகுவலிக்கு உடனே படம் எடுக்க வேண்டாம், பெரும்பாலானவை சில வாரங்களில் தணியும் என்பதே மருத்துவ அறிவின் இன்றைய முடிவு. நம்புவது என்றால் பாரத்தைக் குறைப்பது, ஓய்வு கொடுப்பது, வலியைத் தணிப்பது, மறுபடி வரச்சொல்லிக் கேட்பது. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. கூடையின் நிறையும் கூலியின் கணக்கும் மாறவேண்டும், அதுதான் கடினம்.

அப்படியென்றால் இயந்திரம் தோட்ட மக்களுக்கு வேண்டாமா? அவ்வாறு முடிவு செய்வோர் நம் வாதத்தைத் திருடி ஏழையின் மீதே வீசுகிறார்கள். “பணக்காரனுக்குப் படம், ஏழைக்குப் பரிவு” என்பது பச்சை அநீதி. அந்தப் பெண் ஒருநாள், “இரண்டு காலும் மரத்துப்போகிறது, சிறுநீர் போகவில்லை” என்று சொல்வாளானால், அது முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறியாயிருக்கலாம். அப்போது படம் வேண்டும். நாட்கள் கழித்தன்று, மணிக்கணக்கில் வேண்டும். தாமதித்தால் கால்களின் வலிமையும் உடலின் கட்டுப்பாடும் திரும்பாமலே போகலாம். கரவனெல்லவிலிருந்து கொழும்புக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாது. மலைமேலுள்ள லயத்திலிருந்து கரவனெல்லவுக்கு வரும் தோட்டத்துப் பாதையோ மழையில் கரையும் பாதை. தனியார் நிலையத்தில் ஒரு படத்துக்கு ஆகும் பணம் அவளுடைய பல நாள் கூலி. அந்த நேரத்தில் தூரமும் வறுமையும் நோயின் பகுதிகளாகவே ஆகிவிடுகின்றன.

இயந்திரம் விலை கூடியது என்பார்கள். ஏன் கூடியது? வழக்கமான இயந்திரங்களில் காந்தத்தின் கம்பிச் சுருளைப் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை குளிரில், திரவ ஹீலியத்துள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இது இயற்கையின் நிபந்தனை. அதன்மேல் சந்தையின் நிபந்தனையும் ஏறி அமர்கிறது. இயற்கையின் நிபந்தனையை விஞ்ஞானிகள் தளர்த்தத் தொடங்கிவிட்டனர். 2024-இல் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தார் 0.05 தெஸ்லாக் காந்தத்தைக் கொண்டு, வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மின்சாரத்தில் இயங்கி உடல் முழுவதையும் படமாக்கும் கருவியொன்றைச் செய்து காட்டினர். பெரிய இயந்திரத்தின் தெளிவு அதற்கு இல்லை. எனினும் வழி திறந்திருக்கிறது. சந்தையின் நிபந்தனையை விஞ்ஞானி தனியாகத் தளர்த்த முடியாது. அது மக்கள் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க மாட்டோம். தேவையுள்ளவருக்குத் தேவையான நேரத்தில் இயந்திரம் எட்டவேண்டும். அவர் எந்த மலையில் பிறந்தார், எந்த மொழியில் தன் வலியைச் சொன்னார் என்பது அதற்குத் தடையாகக் கூடாது. அவ்வாறே, இயந்திரம் பேசுவதற்கு முன்னும் பேசிய பின்னும் மனிதர் சொல்வது கேட்கப்பட வேண்டும். தண்ணீரிலுள்ள புரோத்தனின் மெல்லிய குரலைக் கேட்பதற்கு மனிதகுலம் எத்தனை ஆண்டுகள் உழைத்தது! அக்குரலின் தாளம் அறிந்து, அதற்கேற்பத் தன் கருவியைத் திருத்தி, பத்து இலட்சத்தில் ஐந்தைக்கூட இகழாமல் கேட்டது. அத்தனை பொறுமையில் நூற்றில் ஒரு பங்கை அந்தக் கொழுந்துக்காரியின் வாய்ச்சொல்லுக்கு நாம் கொடுத்ததுண்டா?

இந்த இதழைப் படிக்கும் ஆசிரியர்கள் பெளதிக வகுப்பில் பரிவைக் கற்பிக்கும்போது ஊஞ்சலையும் கம்பியையும் உதாரணம் காட்டுவார்கள். அன்றைக்கு வகுப்பில் உள்ள பிள்ளைகளிடம், நேற்று மாலை மலையிலிருந்து இறங்கிவந்த உங்கள் அம்மாவுக்கு எங்கே வலித்தது என்று கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வரட்டும். மறுநாள் அவர்கள் கொண்டுவரும் விடைகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் நாம் பேசப் போகும் நாளில் அந்தக் கொப்பியே நம் கையிலுள்ள முதற் சான்றாகட்டும்.